ஏலியன் அன்ரிக்கு ஒரு வாக்கு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். வேலை முடிந்து வந்தால் சோபாவோடு ஒட்டிக்கொள்கிற ஆள் நான். பள்ளிக்கூடமும் எட்டாம் வகுப்போடு என்னைக் கைகழுவிவிட்டது. வன்னியில் நாங்கள் இடம்பெயர்ந்த வேகத்துக்குப் பள்ளிக்கூடத்தால் பின்னால் ஓடிவர முடியவில்லை என்றுதான் கேட்பவர்களுக்குச் சொல்வேன். அப்படிப்பட்டவன் சோவியத் ஒன்றியம், சுதந்திரம், குடியுரிமை என்று எழுதத் தொடங்கினால் என்னோடு படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போன மாதம் வெம்பிளியில் ஒரு கவுன்சில் தேர்தல் நடந்தது. அதில் அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர் வாக்குப் போட்டார். அதைத் தமிழில் எழுத வேறு யாரும் வரப்போவதில்லை என்பதால் நானே குந்திவிட்டேன்.

எங்கள் வீட்டுக் கதவிலுள்ள தபால் ஓட்டையிலிருந்து தொடங்குகிறேன். இந்த நாட்டில் தபால்காரர் மணியடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். கதவின் வயிற்றில் இருக்கும் ஓட்டையால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். விழுகிற பீட்சா விளம்பரங்களை நாங்கள் மிதித்துக்கொண்டே நடமாடுவோம். வந்த புதிதில் ஒருநாள் அந்தக் குப்பைக்குள் என் பெயரோடு ஓர் அட்டை கிடந்தது. என்னோடு வீட்டில் இருக்கும் ரமணன் அண்ணை, பிரான்சில் கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு மாறியவர், அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “டேய், உனக்குப் போல் கார்ட் வந்திருக்கு” என்றார்.

என் காதில் அது ‘போலிக் கார்ட்’ என்று விழுந்தது. அகதியாக வந்தவனிடம் சொல்லக்கூடிய சொல்லா அது? “என்னண்ணை, போலிக் கார்ட்டோ? என்ர விசாவில ஒரு பிழையும் இல்லையே!”

“போலி இல்லையடா விசரா, போல். வாக்குப் போடுற கார்ட். கடன் எடுக்கிறதுக்குக் கிரெடிட் ஸ்கோர் ஏறுமெண்டு நான்தான் எல்லாற்ற பேரையும் கவுன்சிலில பதிஞ்சனான்.”

“நான் சிலோன்காரன். எனக்கேன் இவங்கள் வாக்குத் தாறாங்கள்?”

“எங்களை ஆண்டவங்களெல்லே. கொமன்வெல்த் எண்டு சொல்லித் தாறாங்கள். அப்ப எடுத்ததுக்கு இப்ப வட்டி எண்டு நினைச்சுக்கொள்.”

வட்டி நன்றாகத் தடிப்பாக இருந்தது. அடுத்தடுத்த முறை வந்த அட்டைகளையும் நான் வீணாக்கவில்லை. ஒன்றைச் சுடுசட்டிக்கு அடியில் வைத்தேன். இன்னொன்றைச் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்து, குழம்பு பையில் ஒழுகாமல் பார்த்துக்கொண்டேன். வாக்குப் போட மட்டும் போகவில்லை.

நான் வேலை செய்வது வெம்பிளிக்குப் பக்கத்தில் ஒரு சான்விச் தொழிற்சாலையில். லண்டன் முழுவதும் அவதிப்பட்டு மத்தியானம் கடித்துக்கொண்டு ஓடுகிற அந்த முக்கோணப் பாண் துண்டுகள் எங்கள் கையால்தான் போகின்றன. உள்ளே ஐஸ்பெட்டிக் குளிர். தலையில் வலைத்தொப்பி, தாடிக்கும் ஒரு வலை. பெல்ட்டில் பாண் வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு சாமான். நான் வெள்ளரிக்காய். எனக்கு அடுத்து நின்று முட்டை வைப்பவர் காலினா. லத்வியா நாட்டின் தலைநகரம் ரீகாவில் பிறந்த ரஷ்ய மொழிக்காரி. அவரும் நானும் கதைப்பது உடைந்த இங்கிலிஷில். ரெண்டு பேருடைய உடைசலையும் ஒட்டி இங்கே எங்கட தமிழில் தருகிறேன்.

முதல் நாள் மரியாதைக்கு, “குட் மோர்னிங் அன்ரி” என்றேன். அவர் முட்டைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“நான் அன்ரியோ? நான் எதுக்கு அன்ரி?”

“வயசுக்குத்தான் அன்ரி.”

“வயசுக்கு எதிர்ப்பா? பெடியா, நான் வளர்ந்த காலத்தில ஒருத்தரை ‘அன்ரி’ எண்டால் அடுத்த சொல் ‘சோவியத்’. அதுக்கு அடுத்தது சிறை.”

எங்கள் வாயில் ‘அன்ரி’ என்று வருவது அவர் காதில் எதிர்ப்பைக் குறிக்கும் இங்கிலிஷ் ‘அன்ரி’யாக விழுந்திருக்கிறது. மாமி, சித்தி எல்லாவற்றையும் நாங்கள் லண்டனில் இந்த ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டோம் என்று விளக்கியபிறகு அவருக்கு அது பிடித்துப்போனது. பிறகு தானே எல்லோருக்கும், “நான் இவனுக்கு மட்டும் அன்ரி” என்று அறிமுகம் செய்தார். நான் ஒரு பகிடி விட்டால் திருப்பி ரெண்டு தருகிற ஆள். பக்கத்தில் நிற்க அப்படி ஒருவர் கிடைத்தால் குளிர் தெரியாது.

போன வருடம் கன்டீனில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கியபோது அடியிலிருந்த அட்டையைக் கண்டார்.

“இது என்ன?”

“குழம்பு ஒழுகாமல் வைக்கிறது அன்ரி.”

இரண்டு விரலால் இழுத்தெடுத்து, டிஸ்யூவால் துடைத்து, என் பெயரை வாசித்தார். “இது வாக்கு அட்டையெல்லோ.”

“ஓம். வேணுமெண்டால் வைச்சிருங்கோ. தேர்தலுக்குத் தேர்தல் வரும்.”

திருப்பி ஒரு பகிடியும் வரவில்லை. “நீ லண்டனுக்கு நேற்று வந்தவன். உனக்கு இது வருது. நான் பிறந்த ஊரில எனக்கு வராது. இங்கயும் வராது. உலகத்தில ஒரு கதவு ஓட்டையாலயும் என்ர பேரில இது விழாது.”

“ஏன் அன்ரி, ஆரையும் கொலை கிலை செய்தனீங்களோ?”

அடுத்தநாள் தன்னுடைய பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். லத்வியா அரசாங்கம் கொடுத்தது. அதன் அட்டையில் இங்கிலிஷில் ‘ஏலியன்’ என்று இருந்தது. அந்நியர். நான் படத்தில் பார்த்த ஏலியனுக்குத் தலை பெரிது, கண் முட்டை மாதிரி. “அப்ப நீங்கள் வந்திறங்கின பறக்கும் தட்டை எங்க அன்ரி பார்க் பண்ணினனீங்கள்?” என்று கேட்டேன். இதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தார். பிறகு சொன்னார்.

பெரிய யுத்தத்துக்குப் பிறகு அவருடைய தாய் தகப்பனை பெலாரஸிலிருந்து ரீகாவின் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அப்போது எல்லாம் ஒரே சோவியத். காலினா பிறந்தது, படித்தது, கலியாணம் கட்டியது எல்லாம் ரீகாவில். சோவியத் ஆட்டம் காணத் தொடங்கியபோது லத்வியர்கள் விடுதலை கேட்டு வீதிக்கு இறங்கினார்கள். இராணுவ வண்டிகள் வராமல் தெருக்களை மறித்து, பனிக்குள் நெருப்பு மூட்டிக் காவலிருந்தார்கள். காலினாவும் ஒரு பெரிய பானையில் சூப் காய்ச்சிக்கொண்டு போய் ஊற்றினார். ஊற்றும்போது ஒருவரும் அவர் என்ன மொழி பேசுகிறார் என்று கேட்கவில்லை. பிறகு, தனிநாடு வேண்டுமா என்று எல்லோரிடமும் ஒரு வாக்கெடுப்பு நடந்தது.

“வேணும் எண்டு போட்டன். அதுதான் நான் மனசறிஞ்சு போட்ட வாக்கு. அதுக்குப் பிறகு எனக்கு வாக்கே இல்லை.”

நாடு கிடைத்ததும் சட்டம் வந்தது. சோவியத் உள்ளே வருவதற்கு முன் யாருடைய குடும்பம் லத்வியக் குடிமக்களாக இருந்ததோ அவர்கள்தான் குடிமக்கள். பிறகு வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அந்நியர். இருக்கலாம், வேலை செய்யலாம், வாக்கு மட்டும் இல்லை. வேண்டுமென்றால் லத்விய மொழியிலும் வரலாற்றிலும் சோதனை எழுதிக் குடியுரிமை எடுக்கலாம்.

“எழுதியிருக்கலாமே அன்ரி. பாஷை தெரியாதோ?”

“நல்லாத் தெரியும். நான் பிறந்த வீட்டுக்குள்ள போறதுக்கு ஏன் நான் சோதனை எழுதவேணும்?”

எழுதவில்லை. மகள் எழுதினாள், குடியுரிமை எடுத்தாள், லண்டனுக்கு வந்தாள், தாயையும் குடும்பத்தவராகக் கூப்பிட்டுக்கொண்டாள்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிற யானிஸ் அண்ணையும் ரீகாக்காரர்தான். ஆனால் லத்வியர். அவரில் எனக்குத் தனிப் பாசம். ஏனென்றால், தனிநாடு கேட்டு அது கிடைத்த ஆளை நான் வாழ்க்கையில் முதன்முதல் கண்டது அவரைத்தான். எங்கள் ஊரில் கேட்ட ஆட்கள்தான் உண்டு. “எப்பிடியண்ணை எடுத்தனீங்கள்?” என்று அவரைக் குடைந்துகொண்டே இருப்பேன். சனம் எல்லாம் கை கோத்து வீதியில் நின்றது, பாட்டுப் பாடியது என்பார். பாட்டுப் பாடி நாடு எடுத்திருக்கிறார்கள். எங்கள் சனம் மட்டும் குறைவாகவா பாடியது? எங்கேயோ சுருதி பிழைத்திருக்கிறது.

காலினா அன்ரியின் கதையைக் கேட்டபிறகு நேரே யானிஸிடம் சண்டைக்குப் போனேன். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். “என்ர அப்பா தான் பிறந்த ஊரில கடைக்குப் போய்த் தன்ர பாஷையில பாண் கேட்டால், ‘மனிசற்ற பாஷையில கேள்’ எண்டு ரஷ்யக்காரர் சொல்லுவினம். அப்பிடித்தான் செத்துப்போனார். நாடு கிடைச்ச பிறகு நாங்கள் கேட்டது என்ன? ஒரு சோதனை. அதுவும் பிழையோ?”

கொண்டுபோன சண்டையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். யானிஸின் அப்பா கேட்ட அதே பேச்சைக் கொழும்புக் கடைகளில் எங்கள் ஆட்களும் கேட்டிருக்கிறார்கள். ஆனால் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்கு ஞாபகம் வந்தது என் அப்பப்பா. கொழும்பில் அரசாங்கக் கிளார்க்காக இருந்தவர். சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் வேலை என்று சொன்னபோது எழுதாமல் ஊருக்கு வந்து சைக்கிள் கடை போட்டவர். அவருக்குச் சிங்களம் தெரியாது என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். பிறகுதான் அப்பா சொன்னார், கிழவன் சிங்களப் பேப்பரே வாசிப்பார் என்று. தெரியாமல் இல்லை, கேட்ட விதம் பிடிக்கவில்லை. அவர் மனதில் இருந்ததைத்தான் இப்போது காலினா அன்ரி முட்டை வைத்துக்கொண்டு சொல்கிறார்.

ஆக, ஒரே சண்டையில் யானிஸும் எங்கள் ஆள், காலினாவும் எங்கள் ஆள். நான் எந்தப் பக்கம் நின்று கத்துவது? இன்னொரு கேள்வியும் வந்தது. அது வராமல் இருந்தால் நல்லாக இருந்திருக்கும். எங்களுக்கு நாடு கிடைத்திருந்தால், நாங்கள் யாரைக் கூப்பிட்டு என்ன சோதனை வைத்திருப்போம்? இதற்கு என்னிடம் பகிடி இல்லை. வாசிக்கிற உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

அட்டையைக் கண்ட அடுத்த கிழமை காலினா அன்ரி முடிவெடுத்துவிட்டார். சாவதற்கு முன் ஒரு தேர்தலிலாவது வாக்குப் போடவேண்டும். லத்வியாவில் குடியுரிமை கேட்பதென்றால் திரும்பிப் போய் வருடக்கணக்கில் இருக்கவேண்டும், பேரப்பிள்ளைகள் இங்கே. ஆகவே பிரிட்டிஷ் குடியுரிமை. அதில் ஒரு சிக்கல். இன்னொரு நாட்டின் குடிமகளானால் அந்த ஏலியன் பாஸ்போர்ட் செல்லாது, திருப்பிக் கொடுக்கவேண்டும். ரீகா அவருக்குக் கொடுத்தது அந்த ஒன்றுதான். அந்நியர் என்று சொன்னாலும், எங்கள் அந்நியர் என்று சொன்னது.

“நல்லா யோசிச்சனீங்களோ அன்ரி?” என்று நான்கூடப் பகிடி இல்லாமல் கேட்டேன்.

“யோசிச்சு யோசிச்சுத்தான் கிழவியானனான். இனிச் செய்யிறதுதான்.”

பிரிட்டனின் வாழ்க்கை பற்றிய சோதனைக்கு அவர் படிக்கத் தொடங்கினார். சோதனை எழுதமாட்டேன் என்று ஒரு நாட்டில் பாதி வாழ்க்கை அடம்பிடித்தவர், இன்னொரு நாட்டின் ராசாமாரைப் பாடமாக்கினார். இது ஏன் கசக்கவில்லை என்று கேட்டேன். “இது வேற ஆற்றையோ வீடு. கதவைத் தட்டித்தானே உள்ள போகவேணும்” என்றார்.

பெல்ட்டில் நான்தான் கேள்வி கேட்பவன். “எட்டாம் ஹென்றிக்கு எத்தினை மனிசி?”

“ஆறு.”

“உங்களுக்கு எத்தினை புருசன்?”

“ஒண்டு. அதுவே அதிகம்.”

ஒருநாள் தேம்ஸ், திருச்சபை, பாராளுமன்றம் எல்லாம் குழம்பிப்போய், வலைத்தொப்பி கழன்று விழ, “என்னால முடியாது” என்றார். எனக்கு ஒரு யோசனை வந்தது. “அன்ரி, எங்கட பாஷையில முடியும் எண்டதுக்கு ‘ஏலும்’ எண்டு சொல்லுவம். அப்ப ஏலியன் எண்டால் ஆர்? எல்லாம் ஏலுற ஆள். உங்கட பாஸ்போர்ட்டிலயே எழுதிக்கிடக்கு.” அவர் அந்தச் சொல்லை வாயில் போட்டுப் பார்த்தார். “ஏலும்?” “ஓம், ஏலும்.” அன்றிலிருந்து பெல்ட் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு ரஷ்யக் குரல் “ஏலும்!” என்று கத்தும். அது இங்கிலிஷ் என்று நினைத்துப் பெல்ட்டில் நிற்கும் குஜராத்திப் பெண்களும் கத்தத் தொடங்கினார்கள். சூப்பர்வைசர் இன்றைக்கும் அது ஏதோ தமிழ் மந்திரம் என்று நம்புகிறார்.

சோதனை முதல்முறையே பாஸ். மனு போய், சம்மதம் வந்த கிழமை கன்டீனில் பெரிய சத்தம். காலினா அன்ரியும் யானிஸும் எழுந்து நின்று லத்விய மொழியில் கத்துகிறார்கள். யானிஸ் மேசையில் குத்துகிறார். அன்ரியின் முகம் சிவந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே சமாதான வழியில் இறங்கினேன். நான் கொண்டுவந்திருந்த பற்றிஸ் பலகாரப் பெட்டியைத் திறந்து நடுவில் நீட்டினேன். “ரெண்டு பேரும் ஒண்டு எடுங்கோ. சண்டையை ஷிப்ட் முடிய வைச்சுக்கொள்ளுவம்.”

“சண்டை இல்லை” என்றார் அன்ரி. “இவர் என்னைப் போகவேண்டாம் எண்டுறார்.”

“எங்க போகவேண்டாமாம்?”

“லத்வியாவை விட்டு.”

மூன்று பேரும் நின்றது வெம்பிளியில். யானிஸ் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. “அந்தப் பாஸ்போர்ட்டைக் குடுக்கவேண்டாம் எண்டு சொல்லு. அந்தச் சோதனை இவவுக்கு ஒரு தூசு. லண்டனில பிறந்த என்ர பெடியளை விட நல்லா லத்வியன் கதைக்கிறா. இவவும் போனால் இஞ்ச லத்வியாக்காரர் எண்டு எனக்கு ஆர் இருக்கு?”

அன்ரி ஒரு பற்றிஸை எடுத்து, பாதியாக முறித்து, ஒரு பாதியை அவரிடம் கொடுத்தார். “இருங்கோ எண்டு ஒரு லத்வியன் எனக்குச் சொன்னது இண்டைக்குத்தான். நன்றி. ஆனா நான் போறன்.”

“போறன் எண்டு சொல்லக்கூடாது அன்ரி. போயிட்டு வாறன் எண்டு சொல்லவேணும்.”

“வரலாம்” என்றார். “விருந்தாளியா.”

குடியுரிமை வழங்கும் நிகழ்வுக்குப் போக யானிஸும் நானும் லீவு எடுத்தோம். கவுன்சில் மண்டபத்தில் அரசரின் படம். சோமாலியர், குஜராத்திகள், எங்கள் ஆட்கள் சிலர், நடுவில் நீலச் சட்டையில் அன்ரி. உறுதிமொழி எடுத்து முடிய தேசிய கீதம் போட்டார்கள். மற்றவர்கள் தாளைப் பார்த்து முணுமுணுக்க, அவர் தாளைப் பார்க்காமல் பாடினார். பள்ளிக்கூடத்தில் சோவியத்தின் கீதம். சதுக்கத்தில் பனிக்குள் நின்று லத்வியாவின் கீதம். இப்போது இது. அந்த வாய்க்கு மூன்று பாட்டும் தெரியும். என் பக்கத்தில் நின்ற யானிஸ் பாடவேயில்லை. கை மட்டும் தட்டினார், எல்லோரும் நிறுத்திய பிறகும்.

அடுத்த நாள் ஏலியன் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க லத்வியத் தூதரகத்துக்கு அன்ரி தனியாகப் போனார். நாங்கள் வருகிறோம் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை சொல்லவில்லை. பகிடிக்காரனாக இருந்தாலும் எங்கே கேட்கக்கூடாது என்று எனக்கும் தெரியும்.

போன மாதம் தேர்தல். வாக்குச்சாவடி ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம். மடித்துவைத்த சாப்பாட்டு மேசைகளும் பிள்ளைகள் கீறிய டைனோசர்களும். இருவருக்கும் ஒரே இடம் என்பதால் சேர்ந்தே போனோம். நான் ஏன் போனேன் என்று கேட்டால், போகாமல் இருக்க எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். புதுப் பாஸ்போர்ட்டைக் காட்டி, தாளை வாங்கி, மறைப்புக்குள் போனவர் வெளியே வரவேயில்லை. நான் ஒரு பெயருக்கு நேரே புள்ளடி போட்டு, பெட்டியில் போட்டு, டைனோசர் எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். கடைசியில் வந்தார். தாளை மடித்துப் பெட்டிக்குள் விட்டுவிட்டு, விழுந்த சத்தம் கேட்கிறதா என்பதுபோல் கொஞ்சம் நின்றார்.

“ஒரு புள்ளடிக்கு இவ்வளவு நேரமோ? உள்ள கவிதை எழுதினனீங்களோ?”

“எல்லாப் பேரையும் வாசிச்சன். ரெண்டு தரம்.”

“ஆருக்குப் போட்டனீங்கள்?”

“உனக்கேன்?” என்றார். அப்படிச் சொல்வதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை நான் முன்பு கண்டதில்லை. இன்னொருதரம் கேள் என்று என்னையே கேட்கவைத்து, இன்னொருதரம், “உனக்கேன்?” என்றார். அவர் வாக்குப் போட்ட ஆள் வென்றாரா தோற்றாரா என்பதும் எனக்குத் தெரியாது. யார் வென்றாலும் கவுன்சிலின் குப்பை வண்டி இப்போதும் பிந்தித்தான் வருகிறது.

இரண்டு நாள் கழித்து ஒரு கிழமை லீவில் தாய் தகப்பனின் கல்லறையைத் துப்புரவாக்க ரீகாவுக்குப் போனார். சனிக்கிழமை நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றபோது போனில் ஒரு படம் வந்தது. ரீகா விமான நிலையம். ‘மற்ற நாட்டவர்’ என்று எழுதிய வரிசை, வளைந்து வளைந்து போகிறது. அடுத்த பக்கத்தில் ஊர்க்காரர்களின் வரிசையில் ஆளில்லை. ஏலியனாக இருந்த காலம் முழுவதும் அந்த வெறும் வரிசையால்தான் அவர் வீட்டுக்குப் போனவர்.

என் கைக்குப் பகிடியைத் தவிர வேறு தொழில் தெரியாதே. “என்ன அன்ரி, பிறந்த ஊரில இப்ப பக்கா வெளிநாட்டுக்காரி. கால் நோகேல்லையோ?” என்று எழுதி அனுப்பினேன்.

பதில் வந்தது: “வரிசை நீளம்தான், ஆனா இந்த ஊரில எல்லாரும் கதைக்கிறது எனக்கு விளங்குது.”